பாய்ந்தவன் தமிழன், பறந்தது அரிமாக்கொடி!

காலாப்பட்டு புதுச்சேரிக்கு உரிய ஊர். ஆயினும் புதுச்சேரி நகரோடு ஒட்டிய ஊர் அன்று. கிழக்கே கடல், ஏனைய புறமெல்லாம் தமிழ்நாட்டு மண். அவ்வெல்லைக் கோட்டைக் கிழித்தவன் காலாப்பட்டான் அல்லன். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் தம்முள் நிலம் பிரித்துக்கொண்டபோது விழுந்த கோடு அது. கோட்டுக்கு இப்பால் வலைவீசியவன் பிரெஞ்சுக் குடி. அப்பால் வலைவீசியவன் ஆங்கிலேயக் குடி. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் இவ்விருவரும் ஓடியிருந்தால் எக்கொடியின்கீழ் ஓடியிருப்பர்? அண்ணன் பிரான்சுக்கு, தம்பி ஆங்கிலேயன் ஆண்ட இந்தியாவுக்கு! தமிழினத்தின் பெயரால் ஓட இருவர்க்கும் இடமில்லை. 1954 நவம்பர் 1ஆம் நாள் காலாப்பட்டில் கொடி மாறிற்று, இடமின்மை மாறவில்லை.

“விளையாட்டில் இனம் ஏது? மொழி ஏது?” என்று வினவும் பெருந்தன்மையாளர் உளர். அன்னார் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் வரலாற்றைச் சற்றே படிக்கட்டும்.

யாழ்ப்பாணத்துத் தமிழர் அவர். 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கையின் பெயரில் உயரம் தாண்டியபோது பதினெட்டு அகவையும் நிரம்பாத இளைஞர். 1956இல் மெல்போர்னில் மீண்டும் தாண்டினார். அவ்வாண்டின் நடுவில்தான், சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. தன் தாய்மொழியை அரசு மனையினின்று துரத்திய நாட்டின் பெயரைத் தாங்கியே அத்தமிழ் இளைஞர் களம் புகவேண்டியிருந்தது!

அடுத்து வந்தது 1958. செல்வநாயகத்தோடு முன்னாண்டில் தாம் செய்த உடன்படிக்கையைப் புத்தத் துறவிகளின் நெருக்குதலுக்குப் பணிந்து ஏப்பிரலில் கைவிட்டார் பண்டாரநாயக்கா. மே 22ஆம் நாள் கொலைவெறி மூண்டது. பொலன்னறுவைப் பண்ணையில் தமிழ்த் தொழிலாளர் வெட்டுண்டனர். பாணந்துறையில் கோயிற் பூசகர் உயிரோடு கொளுத்தப்பட்டார். 27ஆம் நாள்தான் அரசு நெருக்கடிநிலை அறிவித்தது. கொழும்புத் தமிழர் தம் சொந்த நாட்டிலேயே ஏதிலிகளாகிக் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர்.

அதே கிழமையில், மே 24 முதல் சூன் 1 வரை, தோக்கியோவில் மூன்றாம் ஆசிய விளையாட்டுகள் நடந்தன. எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுகளில் இலங்கை பெற்ற முதற் பொன் அது! தமிழன் குருதி தரையில் ஓடிக்கொண்டிருந்த கிழமையில், தமிழன் கால்வலியால் அந்நாட்டின் கொடி உயர்ந்தது. அக்கொடியையும் உற்று நோக்குக: வாளேந்திய அரிமா, அதன் முகத்துக்கு எதிரே, தமிழர்க்கென்றும் முசுலீம்களுக்கென்றும் ஒதுக்கிய இரு பட்டைகள். வாள் எத்திசை நோக்கியது என்று கேட்கவும் வேண்டுமோ?

இத்தகைய கொடுமைக்கு ஆளானவன் தமிழன் மட்டும் அல்லன். அதே பெர்லினில் 1936இல் நெட்டோட்டப் பொன் வென்ற சோன் கீ-சுங் கொரியன். நாடு சப்பானியன் பிடியில் இருந்தது. ஆதலால் சப்பானியக் கொடியை மார்பில் அணிந்து, சப்பானியர் ஒலித்தவாறு திரிந்த பெயரோடு ஓடினான். தோங்கா இல்போ என்னும் கொரிய நாளிதழ் என்ன செய்தது? அவன் படத்தை வெளியிடுகையில் மார்பிலிருந்த கொடியை மையால் அழித்தது. இதழ் பல திங்கள் முடக்கப்பட்டது. இதழாளர் சிறைக்கு இழுக்கப்பட்டனர். ஆயினும் கொரியன் மறக்கவில்லை. 1988இல் சியோல் ஒலிம்பிக்கின் சுடரை அரங்கினுள் ஏந்தி வந்தவர் எழுபத்தாறு அகவையினரான அதே சோன்! ஒலிம்பிக் ஏடோ இன்றும் அவ்வெற்றியைச் சப்பான் கணக்கிலேயே வைத்திருக்கிறது.

“தனியரசு இல்லாத இனத்துக்கு அணி எதற்கு?” என்பார்க்கு ஒரு சொல். புவேர்ட்டோ ரிக்கோ 1948 முதலும், ஆங்காங் 1952 முதலும் தம் பெயராலேயே ஒலிம்பிக்கில் கலந்துகொள்கின்றன. இரண்டும் தனியரசுகள் அல்ல. ஆங்கிலேயனுக்கு அடிமையாயிருந்த இந்தியாவே 1928இல் ஆம்சுடர்டாமில் தன் பெயரால் வளைகோற் பந்தாட்டப் பொன் வென்றதன்றோ? அடிமை இந்தியாவுக்கு அன்று இனித்த உரிமை, தமிழனுக்கு என்றதும் பிரிவினையாகிக் கசப்பது ஏன்? 1996இல் ஒலிம்பிக் குழு விதியை இறுக்கி, உலகம் ஏற்ற தனியரசுகளுக்கே இனி இடம் என்று கதவைச் சார்த்திவிட்டது. முந்தி நுழைந்தவர் உள்ளே; தமிழர் வெளியே. (சடுகுடு 1990இல் பெய்சிங்கு ஆசிய விளையாட்டுகளில் நுழைந்தது, தன் தமிழ்ப்பெயரை வாயிலிலேயே விட்டுவிட்டுத்தான் நுழைந்தது!)

கதவு சார்த்தியது அயலான் செயல். பெயரை மறந்தது எவர் செயல்? கொரியன் ஒரு படத்தில் கொடியை அழித்து, உண்மையை எழுதினான். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளிச் சிறுவனைக் கேளுங்கள்; அயல்நாட்டு மட்டைப்பந்து வீரர் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். காலாப்பட்டு மணலில் கழிநட்டுக் கயிறு கட்டி உயரம் தாண்டும் மீனவச் சிறுவனுக்கு, 1958இல் ஆசியாவிலேயே உயரத் தாண்டியவன் தன் மொழி பேசியவன் என்பதை எந்தப் பாடநூல் சொல்லியிருக்கிறது? பாடநூல் எழுதுவோர் விடை கூறட்டும்.