கப்பி சாகிறதா? குற்றம் மீன் மேல் இல்லை!

புதிதாக மீன் வளர்க்க நினைப்பவரிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கப்பி வாங்குங்க, அது சாகவே சாகாது." ஆதம்பாக்கத்தில் ஒரு பையன் பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணமும், அதில் நாலு கப்பியும், கொஞ்சம் நீலக் கலர் கல்லும் வாங்கி வந்தால், மூன்றாம் நாள் காலையில் இரண்டு மிதக்கும். ஒரு வாரத்தில் கிண்ணம் பேனா ஸ்டாண்டாக மாறிவிடும். வீட்டில் எல்லாரும் "நமக்கு மீன் ராசி இல்லை" என்று முடித்துக்கொள்வார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கப்பி உறுதியான மீன்தான், சந்தேகமில்லை. ஆனால் உறுதியான மீன் என்று சொல்லி விற்பதாலேயே அதிகம் சாகும் மீனும் அதுதான் என்று தோன்றுகிறது.

இந்தக் கிண்ணத்தை 2017 மே மாதம் மத்திய அரசு ஒரு விதி போட்டுத் தடுக்கப் பார்த்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், விதிகள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. அந்த விதிகளில் நடைமுறைக்கு ஒவ்வாதவை நிறைய இருந்தன என்பது உண்மை. ஆனால் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் சரி. இரண்டு லிட்டர் தண்ணீரில் நாலு உயிர், அதுவும் சென்னை வெயிலில்!

முதலில் தண்ணீர். தென் சென்னையில் ஒரு சராசரி வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கும்: மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர். மீன் மேல் பாசம் அதிகமானவர்கள் கேன் தண்ணீரை ஊற்றுகிறார்கள். "நாம குடிக்கிற தண்ணியையே கொடுக்கறோம்" என்று பெருமை வேறு. பாவம், அதுதான் மூன்றிலும் மோசம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புச் சத்து பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். கப்பிக்கோ கொஞ்சம் கடினமான, பி.எச். 7-லிருந்து 8 வரை உள்ள தண்ணீர்தான் பிடிக்கும். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது, குழாய் அடைத்துக்கொள்கிறது, முடி கொட்டுகிறது என்று ஊரே திட்டுகிற அந்த போர் தண்ணீர் கப்பிக்கு ஒத்துப்போகும். மனிதர்கள் திட்டும் ஒன்றை மீனாவது பாராட்டட்டும்! போர் தண்ணீரையும் எடுத்தவுடன் ஊற்றாமல், ஒரு நாள் வாளியில் வைத்திருந்து பயன்படுத்துவது நல்லது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்தே ஆக வேண்டும். அல்லது கடையில் விற்கும் ஆன்ட்டி குளோரின் சில சொட்டு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. பி.எச். அதிகமாகவும் தண்ணீர் சூடாகவும் இருந்தால், அதே அளவு அம்மோனியா இன்னும் அதிக விஷமாக வேலை செய்யும். நம் போர் தண்ணீரில் பி.எச்.சும் அதிகமாக இருக்க வாய்ப்பு, சூடும் அதிகம். அதாவது ஆதம்பாக்கம் தண்ணீர் கப்பிக்கு நல்லது, ஆனால் தயாராகாத தொட்டியில் அதே தண்ணீர் எமன்.

தயாராவது என்றால் என்ன? கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா தொட்டியில் குடியேற வேண்டும். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. செடி கொஞ்சம் தின்னும், தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் போகும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். யாராவது நண்பரின் பழைய தொட்டியிலிருந்து ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால் காத்திருப்பு பாதியாகக்கூடக் குறையலாம். இந்த நண்பர்தான் கடையில் இருக்கும் எந்த மருந்து பாட்டிலையும் விட மதிப்புள்ளவர்.

தொட்டி விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் இருந்தால் ஏறத்தாழ 55 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 55 கிலோ என்பதை நினைவில் வைத்து, ஆடாத மேஜையில் வைக்க வேண்டும். ஜன்னல் ஓரம் வேண்டாம், மே மாதம் தண்ணீர் கொதிக்கும். ஹீட்டர் வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம், சென்னையில் ஹீட்டரா! ஃபில்டர் மட்டும் ஸ்பாஞ்ச் வகையாக இருக்கட்டும். பவர் ஃபில்டர் குட்டிகளை உறிஞ்சிவிடும். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும், அது ஒரு பிளாஸ்டிக் குடம். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது. அந்த ஒரு குடத்தைக் கூட வீணாக்காமல் துளசிச் செடிக்கு ஊற்றலாம், நைட்ரேட் உரம்தானே.

இனி இனப்பெருக்கம். உண்மையில் கப்பியை இனப்பெருக்கம் செய்ய வைக்க எதுவும் செய்ய வேண்டாம், நிறுத்துவதுதான் கஷ்டம். வண்ண வாலோடு சிறியதாக இருப்பது ஆண்; பெரியதாக, மங்கலாக, வயிற்றின் பின்பக்கம் கரும்புள்ளியோடு இருப்பது பெண். ஆண் விடாமல் துரத்தும் என்பதால் ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும். ஜோடி ஜோடியாக வாங்குவது மனிதர்களின் பழக்கம், கப்பிக்கு அது கொடுமை. முட்டை இடாது, ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். பெண் மீன் ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். கடையில் ஆணோடு ஒரே தொட்டியில் இருந்த பெண்ணைத் தனியாக வாங்கி வந்தாலும் அது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். "என் வீட்டு சிவப்பு ஆணுக்குப் பிறந்தது ஏன் சிவப்பாக இல்லை" என்று புலம்புகிறவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது. கலரைப் பிடித்து வைக்க வேண்டுமானால் குட்டிகளை மூன்று நான்கு வாரத்திலேயே ஆண், பெண் பிரித்து வளர்க்க வேண்டும். அதற்கு ஒரு தொட்டி போதாது, குறைந்தது மூன்று.

தாயே குட்டியைத் தின்னும். அதற்காக பிரீடிங் பாக்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சிறையை விற்கிறார்கள். அதைவிட ஒரு கட்டு ஜாவா மோஸோ ஹைட்ரில்லாவோ போட்டால் குட்டிகள் தாமே ஒளிந்துகொள்ளும், தாயும் பதறாது. தூள் செய்த தீனியை கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை போடலாம். அவித்த முட்டை மஞ்சள் கரு பழைய வைத்தியம், தண்ணீரைக் கெடுப்பதில் அதற்கு இணை இல்லை.

இந்த இடத்தில்தான் கணக்கு வருகிறது. ஒரு பெண் மாதம் 30 குட்டி என்று வைத்தால், மூன்று பெண்ணுக்கு 90. மூன்று மாதத்தில் அந்தக் குட்டிகளே தாயாகும். 55 லிட்டர் தொட்டியோ இருபது பெரிய மீனுக்கு மேல் தாங்காது. "வீட்டிலிருந்தே கப்பி வளர்த்து சம்பாதிக்கலாம்" என்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள். கொளத்தூரில் வண்ண மீன் தொழில் உண்மையிலேயே பெரிய தொழில். அங்கே சிமெண்ட் தொட்டிகளில் குடும்பமாக உழைக்கிறார்கள். அவர்கள் மொத்த விலையோடு ஒரு பால்கனித் தொட்டி எப்படிப் போட்டி போடும்? கரண்ட், தீனி, செத்த மீன், தினம் ஒரு மணி நேர உழைப்பு எல்லாவற்றையும் செலவில் எழுதிப் பார்த்தால் லாபம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அபூர்வ ரக ஜோடிகளை நல்ல விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாங்குபவர் யார்? பெரும்பாலும் தானும் குட்டி போட வைத்து விற்கலாம் என்று நினைக்கும் இன்னொருவர். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் ஊரே பார்த்த கதையில், பறவையைக் கடைசியாகச் சாப்பிட யாரும் இல்லை என்பதுதான் பிரச்சினை. கப்பியில் மோசடி ஏதும் இல்லை, கணக்கின் வடிவம் மட்டும் கொஞ்சம் அதே மாதிரி இருக்கிறது. பொழுதுபோக்கு என்று செலவு செய்தால் சந்தோஷம் மிஞ்சும், முதலீடு என்று செலவு செய்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

சரி, மிஞ்சிய குட்டிகள் எங்கே போகும்? பலருக்கு உடனே தோன்றுவது ஆதம்பாக்கம் ஏரி. "கொசுப்புழுவைத் தின்னுமே, ஊருக்கு நல்லதுதானே" என்று ஒரு சமாதானம். கப்பி கொசுப்புழுவைத் தின்னும் என்பது சரிதான். மலேரியாவைத் தடுக்கவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் இது தென் அமெரிக்கா, டிரினிடாட் பக்கத்து மீன். சாக்கடைத் தண்ணீரிலும் பிழைக்கும், வேகமாகப் பெருகும், மற்ற மீன்களின் குஞ்சுகளோடு இரைக்குப் போட்டியிடும். தலையில் வெள்ளிப் பொட்டோடு நீர்ப்பரப்பில் நீந்தும் நம் ஊர் அப்லோகைலஸ் மீன் அதே கொசுப்புழுவைத்தான் காலங்காலமாகத் தின்று வந்தது. ஏரிகளில் கழிவுநீரை விட்டு அதை விரட்டிவிட்டு, பதிலுக்கு வெளிநாட்டு மீனை விடுவது எந்த ஊர் நியாயம்?

ஆண்களை மட்டும் வளர்ப்பது ஒரு வழி. கலர் அதற்குத்தான் இருக்கிறது, குட்டித் தொல்லையும் இல்லை. குட்டியும் வேண்டும் என்பவர்கள் ஒரே ஒரு பெண்ணோடு ஆரம்பிக்கலாம். அது ஏற்கெனவே கர்ப்பமாகத்தான் வரும். முதல் பிரசவத்துக்குள் எடுத்துக்கொள்ள நாலு நண்பர்களையோ, திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு கடையையோ பேசி வைத்துவிட வேண்டும். காசு கிடைக்காது, பதிலுக்கு ஒரு டப்பா தீனி கிடைத்தாலே பெரிது.