அட்டையில் முன்னாலேயே இருந்த பெயர்

தலைப்பைப் பார்த்து நூலக வாரக் கட்டுரைன்னு நினைச்சு நகர்ந்துடாதீங்க. இது ஒரு காதல் படத்தைப் பத்தி. (தமிழ் ஐயா படிச்சுப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் ஒட்டியிருக்கோம்!)

'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' 1995-ல் ஜப்பானில் வந்த அனிமே. ஜிப்லி படம். திரைக்கதை மியாசாகி, இயக்கம் யோஷிஃபுமி கோன்டோ. ஷிசுகு நம்ம 9-ம் வகுப்பு வயசுப் பொண்ணு, கதைப் புத்தகப் பைத்தியம். நூலகத்தில் எந்தப் புத்தகம் எடுத்தாலும் அதன் அட்டையில் அவளுக்கு முன்னால் ஒரே பெயர் இருக்கு: செய்ஜி அமசாவா.

அவன் தாத்தாவின் பழம்பொருள் கடைக்குக் கீழே இருக்கிற பட்டறையில் வயலின் செய்யப் பழகுறவன். வாசிக்கவும் தெரியும், ஆனா ஆசை செய்யறதுலதான்.

"அவனா கூச்சக்காரன்? முதல் தடவை பார்த்தப்பவே அவ எழுதின பாட்டைக் கிண்டல் பண்ணினானே!"ன்னு என் பெஞ்சு நண்பன் சண்டைக்கு வந்தான். நான் ஒத்துக்கலை. கிண்டல் பண்றதுதான் அவனுக்குச் சுலபம். மனசுல இருக்கிறதைச் சொல்ல வரலை. அதனால என்ன செஞ்சான்? அவ எடுக்கிறதுக்கு முன்னால தன் பெயர் அட்டையில் வரணும்னு தேடித்தேடிப் படிச்சான். நூலகத்தில் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தான். அவ கவனிக்கவே இல்லை! இதை அவன் வாய்விட்டுச் சொல்றது பள்ளி மொட்டைமாடியில், ரொம்ப நாள் கழிச்சு. அப்பவும் கதவுக்குப் பின்னால வகுப்பே ஒட்டுக் கேட்குது. எல்லா ஊரிலும் வகுப்புன்னா இப்படித்தான் போல.

இந்தக் காதல் ஏன் பிடிச்சதுன்னா, ரெண்டு பேரும் வேலையை விடலை. அவன் இத்தாலியில் உள்ள கிரிமோனாவுக்கு 2 மாதம் பயிற்சிக்குப் போறான். ஸ்ட்ராடிவாரி வயலின் செஞ்ச அதே ஊர். அவனுக்கு ஒரு வழி தெரியுது, தனக்குன்னு ஒண்ணும் இல்லையேன்னு ஷிசுகுவுக்கு உறுத்துது. உட்கார்ந்து கதை எழுதுறா. தேர்வில் 100 இடம் சறுக்குது. (எங்க வீட்டுல 10 இடத்துக்கே சாப்பாடு இறங்காது.) அவ அப்பா நூலகத்தில் வேலை பார்க்கிறவர். திட்டாம, எழுதி முடிக்க விடுறார். அந்தக் காட்சியைப் பெற்றோர் கூட்டத்தில் போட்டுக் காட்டினா நல்லா இருக்கும்!

மூலக்கதையான மாங்காவில் செய்ஜிக்கு ஓவியன் ஆகணும்னு ஆசையாம். படத்தில் வயலினா மாத்தினது எனக்குப் பிடிச்சிருக்கு. மரத்தைச் செதுக்கிச் செதுக்கித்தான் வயலின் வரும், அவசரப்பட்டா வராது. அவனும் அந்த ரகம்தானே.

ஆனா ஒண்ணு. கடைசியில் விடியற்காலை மலைமேல நின்னுக்கிட்டு, "கல்யாணம் பண்ணிக்கலாமா"ன்னு கேட்டுடுறான். இத்தனை நாள் அட்டையில் பெயர் எழுதிக்கிட்டுக் காத்திருந்த பையனா இது? அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் நான் வெட்டிடுவேன். சண்டை போட விரும்புறவங்க மதிய இடைவேளையில் நூலகத்துக்கு வாங்க.