திறப்புவிழா முடிந்த பின்னர்

பாலம் அசையாப் பொருள் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அது கோடையில் நீள்கிறது, குளிரில் சுருங்குகிறது, பாரவண்டி ஏறும்போது சற்றுத் தாழ்ந்து மீள்கிறது. இந்த அசைவுக்கு இடமில்லாவிடில் கொங்கிறீட் வெடித்துவிடும். ஆகவே பாலத்தின் பகுதிகளுக்கிடையே இடைவெளி விட்டு இணைப்புகளை அமைக்கின்றனர். ஆனால், மழைநீரும் பனியை உருக்கத் தூவும் உப்பும் உள்ளிறங்குவதும் அவ்விணைப்புகளின் வழியேதான். எனவே கட்டியதோடு கடமை முடிவதில்லை.

எம்மவர் பலர் வாழும் மொன்றியலை அடுத்துள்ள லாவல் நகரில், 2006 செப்டெம்பர் 30 ஆம் திகதி, நெடுஞ்சாலைக்கு மேலாகச் சென்ற டி லா கொன்கோர்ட் மேம்பாலம் இடிந்து வீழ்ந்தது. ஐவர் மாண்டனர், அறுவர் காயமுற்றனர். பாலத்தின் வயதோ 36 ஆண்டுகள் மட்டுமே. வீழ்வதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னரே கொங்கிறீட் துண்டுகள் வீதியில் விழுவதாக முறைப்பாடு கிடைத்திருந்தது. ஊழியர் சென்று பார்த்தார், துண்டுகள் அகற்றப்பட்டன, பாலம் மூடப்படவில்லை.

கியூபெக்கின் முன்னாள் முதல்வர் பியர் மார்க் ஜோன்சன் தலைமையிலான விசாரணைக் குழு 2007 இல் அறிக்கை வெளியிட்டது. இரும்புக் கம்பிகள் பிழையான இடத்தில் வைக்கப்பட்டிருந்தன, கொங்கிறீட் தரங்குறைந்தது, பரிசோதனைகளும் போதியனவாக இருக்கவில்லை. தனியொருவர் மீது அக்குழு பழி சுமத்தவில்லை. பலர் சிறிது சிறிதாகத் தவறவிட்டதன் விளைவே அவ்வழிவு.

இத்தாலியின் ஜெனோவாவிலும் இதே பாடம். 1967 இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடற்காற்று அரிப்பதாக, அதை வடிவமைத்த றிக்கார்டோ மொறாண்டியே 1979 இல் எச்சரித்தார். 2018 ஓகஸ்ட் 14 இல் அது சரிந்தபோது 43 பேர் உயிரிழந்தனர்.

புதிய பாலத்திற்கு நாடா வெட்டும் விழா உண்டு. பெயர் பொறித்த கல் உண்டு. பழைய பாலத்தின் வெடிப்பை அடைப்பவருக்கு மாலை சூட்டுவார் எவருமில்லை. செலவைக் குறைக்கும் வேளையில் முதலில் வெட்டப்படுவதும் பராமரிப்புப் பணமே. பின்போடப்பட்ட அச்செலவு பன்மடங்காகத் திரும்பி வருகிறது. சிலவேளை உயிர்களையும் கேட்கிறது.

நாமும் இந்நாடுகளில் வரி செலுத்துகிறோம், வாக்களிக்கிறோம். வேட்பாளர் வாசலுக்கு வரும்போது வரி குறையுமா என்று மட்டும் கேட்டு அமைதல் போதாது. எம் பிள்ளைகளின் பாடசாலை பஸ் நாள்தோறும் கடக்கும் பாலம் இறுதியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, அவ்வறிக்கை எங்கே என்றும் கேட்போம். வந்து குடியேறியவர் நாம் என்று இதில் ஒதுங்கி நிற்றல் ஆகாது. பாலம் எவரையும் பிரித்துப் பார்த்து வீழ்வதில்லை.