மிதித்த பாத்தி



2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. நீர் வடிந்தபின் ஆறுதல் கூற அங்குச் சென்றோம். முதியவர் ஒருவர் பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மீண்டும் மழை வந்தால் இவ்வுழைப்பு வீணன்றோ?" என வினவினோம்.

"வரலாம், சாமி. ஆனா, மிதிக்காத பாத்தியிலே வெயில் அடிச்சாலும் உப்பு விளையாதே!" என்றார்.

தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்ட ஆண்டவர், வெயிலைத் தம் கையில் வைத்துள்ளார். பாத்தியையோ நம்மிடம் ஒப்படைத்துள்ளார். நோயாலும் கடனாலும் கலங்கும் இல்லத்தாரே, நாளை மழையோ வெயிலோ, நாம் அறியோம். இன்றைய கடமையைச் செபத்துடன் செய்வோம், அதுவே விசுவாசம். ஆறுதல் கூறச் சென்ற நாமே அதனைக் கற்றுத் திரும்பினோம்.