ராத்திரிக்கு ரெண்டு பிஸ்கட் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். இரவு எட்டு மணி. அடுப்பு சில்லென்று கிடந்தது. "சாப்டாச்சுங்களா?" என்றேன். "ஒத்த ஆளுக்கு என்னத்த கண்ணு அடுப்புப் பத்த வெக்கறது? டீயும் ரெண்டு பிஸ்கட்டும் ஆச்சு" என்றார். அலமாரியில் பெங்களூரு மகன் வாங்கி வைத்துவிட்டுப் போன சூப் பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. எருமப்பட்டியில் இப்படி இன்னும் சில வீடுகளை எனக்குத் தெரியும்.

அந்த மாதிரிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. பல பாக்கெட்டுகளில் சோள மாவு, சர்க்கரை, உப்பு எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். காய் கடைசி பெஞ்சு. ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதையா வாங்கி அனுப்புவது?

சூப் என்றால் ஓட்டலில் சாப்பாட்டுக்கு முன் வரும் கிண்ணம் என்று நினைத்துவிட்டோம். பல் போன வயதில் அதுவே இரவுச் சாப்பாடாக இருக்கலாம். அதற்கு நம் அரசாணிக்காயை மிஞ்ச ஆளில்லை. (சென்னைப் பிள்ளைகளே, நீங்கள் பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்வதுதான்.)

ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை வாசம் வர வறுத்துக்கொள்ளுங்கள். அரைக்கிலோ அரசாணியைத் தோல் சீவி நறுக்கி, பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, சீரகம், மஞ்சள்தூள், மூன்று டம்ளர் தண்ணீரோடு குக்கரில் மூன்று விசில் விடுங்கள். ஆவி அடங்கியதும் மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் குழந்தைக்கு ஊட்டும் கூழ் மாதிரி ஆகிவிடுகிறது; வீட்டம்மா இதை ஒப்புக்கொள்வதில்லை. பருப்பே கெட்டி கொடுக்கும், சோள மாவு வேண்டாம். உப்பைக் கடைசியில், குறைவாக. கொல்லிமலை மிளகு கிடைத்தால் நுணுக்கிப் போட்டு, ஒரு கரண்டி நெய்யோ கடலெண்ணெயோ விடுங்கள். எண்ணெய் ருசிக்கு மட்டுமல்ல. அந்த மஞ்சள் நிறத்தில் இருக்கும் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஒட்டும். இரண்டு பேருக்கு வயிறு நிறையும்.

சர்க்கரை உள்ளவர்கள் இட்லியோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், இட்லிக்குப் பதிலாகக் குடியுங்கள். சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசாணி என்றால் நம்மவர்களுக்கு ஓர் இளப்பம் உண்டு. வகுப்பில் ஒரு பையன் அரசாணிப் பொரியல் கொண்டுவரும் நாளெல்லாம் போசி மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுவான். ஹைத்தி நாட்டுக் கதையை அன்று அவனுக்குச் சொல்ல எனக்குத் தெரியாமல் போயிற்று. பிரெஞ்சுக்காரர்களிடம் அடிமைப்பட்டிருந்த அந்த மக்கள் முதலாளிகளுக்காகப் பூசணி சூப் காய்ச்சினார்கள். அவர்கள் குடிக்கக் கூடாது. 1804 ஜனவரி 1-ல் விடுதலை அறிவித்தார்கள். இன்றும் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் வீடுதோறும் அதே சூப்தான். 2021-ல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நாடே தலைநிமிர்ந்து குடிக்கும் சூப்பின் காயை நாம் மூடி போட்டு மறைக்கிறோம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, போனில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். பாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசில் உழவர் சந்தையில் ஒரு பத்தை அரசாணி வாங்கித்தர பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

மறுநாள் தூக்குப்போசியில் பெரியம்மாவுக்குக் கொண்டுபோனேன். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "மொளகு பத்தல கண்ணு" என்றார். அப்புறம், "மீதிப் பத்தை இருந்தாக் கொண்டா, நாளைக்கு நானே வெக்கறேன்."