உதவி என்கிற சொல்

பொருளாதாரம் இலக்கியத்துக்கு வெளியே உள்ள சமாச்சாரம் என்று நினைக்கிற நண்பர்களுக்கும், 'ஏகாதிபத்தியம்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிற நண்பர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரு தரப்பாரும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. எனக்கு வேறு வழியில்லை. இருப்பதோ சேரங்கோட்டில். இங்கே கொழுந்து பறிக்கிறவர்கள் பலரின் பூர்வீகம் இலங்கை மலையகம். ஆகவே வெளிநாட்டு உதவி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இலங்கைதான்.

1977ல் ஜெயவர்த்தனே அரசு சந்தையைத் திறந்துவிட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. நவம்பரில் ரூபாய் டாலருக்கு 16 என்று இறங்கியது. 1979ல் பங்கீட்டு அரிசி போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை நின்ற இடத்திலேயே நிற்க, விலைவாசி மேலே போயிற்று. கூடவே உதவியும் வந்து குவிந்தது. முப்பது ஆண்டு மகாவலித் திட்டம் ஆறு ஆண்டுக்குச் சுருக்கப்பட்டது. விக்டோரியா அணைக்கு பிரிட்டன், கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி, மாதுரு ஓயாவுக்குக் கனடா.

டிராக்டர் கடன் கொடுக்கும்போது பணம் விவசாயி கைக்குப் போவதில்லை. டீலர் பெயருக்கு டிராஃப்ட் போகிறது. விக்டோரியாவைக் கட்டியவை பால்ஃபர் பீட்டி, நட்டல் என்ற பிரிட்டிஷ் கம்பெனிகள். கொத்மலையைக் கட்டியது சுவீடனின் ஸ்கான்ஸ்கா. இதில் ரகசியம் எதுவுமில்லை. விக்டோரியாவின் 210 மெகாவாட் பொய்யில்லை. பிரிட்டன் தந்தது கடன்கூட அல்ல, மானியம். ஆனால் தன் பணத்தைத் தன் கம்பெனிக்கே கொடுக்கிற காரியத்தில் பாதியாவது வியாபாரம் என்று சொல்லும் நேர்மை வேண்டும்.

கடன் கேட்டு வருபவனிடம் நாங்கள் அடுத்துக் கேட்பது ஈடு. இலங்கை எதை ஈடு காட்டிற்று? அன்று அந்நியச் செலாவணி ஈட்டித் தந்ததில் முதலிடம் தேயிலைக்கு. அதைப் பறித்தவர்கள் 1948ன் சட்டத்தால் குடியுரிமையும், அடுத்த ஆண்டு வாக்குரிமையும் இழந்தவர்கள். 1964ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதி வைத்தது. கொழும்புக்குப் பணம் வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள், 1984ல் அந்தக் கப்பலும் நிற்கும்வரை. 1983 ஜூலைப் படுகொலை நடந்து இரண்டு ஆண்டு முடியுமுன் மார்கரெட் தாட்சர் வந்து விக்டோரியாவைத் திறந்துவைத்தார். அடகு வைத்த நகையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

வந்தவர்களுக்காக ஏற்பட்டது டான்டீ. 1968ல் தமிழக அரசு தொடங்கி, 1976ல் கம்பெனியாக்கிய தேயிலைத் தோட்டம். ஆவணங்களில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. ஊர் வாயில் 'சிலோன்காரர்'. ஒன்று, பிறக்காத நாட்டைத் தாயகம் என்கிறது. மற்றது, பிறந்த நாட்டை வசையாக்குகிறது.

2022ல் இலங்கை கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றது. இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழக அரசு 40,000 டன் அரிசி அறிவித்தது. சரியான காரியம், பசித்தவனிடம் சித்தாந்தம் பேசக் கூடாது. அதே ஆண்டில் அதே அரசு, நஷ்டத்தைக் காட்டி, டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர ஆணையிட்டது. கடலுக்கு அப்பால் இருப்பவனுக்கு உதவி. கடல் தாண்டி வந்தவனுக்கு நஷ்டக் கணக்கு.

எழுத்தாளனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சொல்லை உரசிப் பார்க்கிற வேலைதான். மலையகம் பற்றிய நம் கவிதைகளில் பனி இருக்கிறது, கொழுந்து இருக்கிறது, கண்ணீர் தாராளமாகவே இருக்கிறது. கணக்கு இல்லை. கணக்கில்லாத கண்ணீர் வெறும் பாசாங்கு. 'உதவி' என்று எழுதுகிறவன், டிராஃப்ட் யார் பெயருக்குப் போயிற்று, ஈடாக யார் வைக்கப்பட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துகொண்டு எழுதட்டும். முடியாதென்றால் அந்தச் சொல்லைக் குமாஸ்தாக்களிடம் விட்டுவிடலாம். எந்தப் பத்தியில் பதிவது என்று எங்களுக்குத் தெரியும்.