கட்டளை எட்டாத காது

பொலிஸ் சேவையிற் புதிதாகச் சேரும் இளைஞன் முதலிற் கற்பது கீழ்ப்படிதல். அடுத்துக் கற்பது பிறரைக் கீழ்ப்படியச் செய்தல். நிமிர்ந்து நின்று, குரலை உயர்த்தி, சுருக்கமாகக் கட்டளையிடுமாறு அவனைப் பழக்குகின்றனர். திருடனிடத்தும் குழப்பக்காரனிடத்தும் இவ்வித்தை ஓரளவு பலிக்கவே செய்யும். ஆனால், மனங்கலங்கித் தன்னையே மாய்க்கத் துணிந்து நிற்பவனிடத்து இது பலிக்குமா?

அமெரிக்காவிலே, டெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரம் 1987ஆம் ஆண்டில் இக்கேள்விக்குக் கொடிய விடையைக் கண்டது. மனநோயால் வருந்திய 27 வயது வாலிபன் ஒருவன் கத்தியால் தன் உடலைக் கீறிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் உதவி கோரிப் பொலிஸாரை அழைத்தாள். வந்தவர்கள் கத்தியைக் கீழே போடுமாறு கட்டளையிட்டார்கள். அவன் போடவில்லை. தங்களை நோக்கிப் பாய்ந்தான் என்று சுட்டார்கள், அவன் இறந்தான். இறந்தவன் கறுப்பினத்தவன், சுட்டவர்கள் வெள்ளையர் என்பதும் ஊரைக் கொதிப்படையச் செய்தது. மகனைக் காப்பாற்ற வாருங்கள் என்று அழைத்தவள் அடைந்த கதியை எண்ணுகையில் எமக்கு நெஞ்சு பதைக்கின்றது.

அடுத்த ஆண்டில் அந்நகரத்துப் பொலிஸார், மனநல வைத்தியர்கள், பல்கலைக்கழகத்தார், நோயாளரின் குடும்பத்தினர் ஆகியோர் ஒன்றுகூடி 40 மணி நேரப் பயிற்சியொன்றை வகுத்தனர். பொலிஸ் அதிகாரி சாம் கொக்ரனும் உளவியலாளர் ராண்டொல்ப் டுபொன்ரும் இதில் முன்னின்றவர்கள். ரோந்து செல்லும் உத்தியோகத்தருள் தாமாக முன்வந்தோரே இதற்குத் தெரிவாயினர். பொலிஸார் கொண்டுவரும் நோயாளியைத் திருப்பியனுப்பாது ஏற்க ஆஸ்பத்திரியும் இணங்கியது. இவ்விணக்கம் இல்லாதவிடத்துப் பயிற்சி பெற்றவனும் நோயாளியைச் சிறைக்கூடத்துக்கே கொண்டு செல்ல நேரும்.

பின்னர் வேறு நகரங்களிலும் பரவிய இம்மாதிரிப் பயிற்சிகள் பலவற்றில் நடைபெறும் ஒரு பாடம் எமது மனத்தை மிகவும் ஈர்த்தது. பயிலுநரின் காதுகளில் ஒலிக்கருவியைப் பொருத்துகிறார்கள். ஏளனமும் மிரட்டலுமாகக் குரல்கள் இடைவிடாது ஒலிக்கும். அந்நிலையிலேயே அவர் படிவமொன்றை நிரப்பவேண்டும். எதிரே இருப்பவரின் வினாக்களுக்கு விடையும் சொல்லவேண்டும். சற்று நேரத்துள் எளிய கணக்கும் தடுமாறிப்போகும். குரல்கள் கேட்கும் நோயாளி பலவேளைகளிற் கட்டளையை மீறுவதில்லை, அது அவன் மனத்துக்கு எட்டுவதேயில்லை என்பதை நூறு விரிவுரைகளிலும் பார்க்க இது நன்கு உணர்த்தும்.

அடுத்தது நடிப்பு. ஒருவர் நோயாளியாக நடிக்க, பயிலுநர் அவரை அணுகவேண்டும். ஒருவர் மட்டுமே பேசவேண்டும். ஏனையோர் வாய் திறத்தலாகாது. எட்டி நின்று, தன் பெயரைச் சொல்லி, என்ன நேர்ந்தது என்று தணிந்த குரலில் வினவவேண்டும். நோயாளி கேட்கும் குரல்கள் பொய்யென வாதாடவும் கூடாது. தமக்கும் கேட்பதாகப் பாசாங்கு செய்யவும் கூடாது. உயிரை மாய்க்கும் எண்ணமுண்டா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. (இது வீட்டிலுள்ளோரும் அறிந்திருக்க வேண்டியது.)

இவையெல்லாம் அனுபவசாலிகளுக்கே ஏற்றவை, புதியவருக்குச் சட்டமும் ஆயுதமும் போதும் என்பார் உளர். எமக்கு அது உடன்பாடன்று. நள்ளிரவில் அழைக்கும் தாய், வாசலில் வந்து நிற்பவர் பழையவரா புதியவரா என்று தெரிவுசெய்ய இயலுமா? 2015இல் அமெரிக்கப் பொலிஸ் உயரதிகாரிகளின் ஆய்வு மன்றமொன்று 280க்கு மேற்பட்ட பொலிஸ் படைகளிடம் விசாரித்தது. புதியவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி 58 மணி நேரம், தற்காப்புப் பயிற்சி 49 மணி நேரம் என்பது இடைநிலைக் கணக்கு. மன நெருக்கடியிலுள்ளோரை அணுகும் பயிற்சியோ 8 மணி நேரந்தான்! கை எதிற் பழகியதோ அதையே இக்கட்டிலும் நாடும் என்பதில் வியப்பென்ன?

அம்மன்றமே பின்னர் வகுத்த, நிதானத்தையும் இடைவெளியையும் வற்புறுத்தும் பயிற்சியைக் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரப் பொலிஸார் 2019இற் பெற்றனர். ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, பலப்பிரயோகம் 28 சதவீதமும் பொதுமக்கள் அடைந்த காயங்கள் 26 சதவீதமும் குறைந்திருந்தன. பொலிஸார் அடைந்த காயங்களோ 36 சதவீதம் குறைந்திருந்தன. தணிந்து பேசினால் தன்னுயிருக்கு மோசம் என்றஞ்சும் புதிய கொன்ஸ்டபிளுக்கு இக்கடைசித் தொகையையே முதல் நாளிற் கரும்பலகையில் எழுதிக் காட்டவேண்டும்.